ஃபைல் சிங்க் சர்வர் சொந்தமாக எழுதுகிறேன்: மாறின நேரத்தை நம்பலாமா?

மண்ணடி மைனர்

எல்லோருக்கும் வணக்கம். மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் புரோகிராம் வேலை பார்க்கிறேன். தலைமை ஆபீஸ் இங்கே, மணலியில் யார்டு பக்கம் ஒரு அறை, எண்ணூர் துறைமுகத்துப் பக்கம் இன்னொரு அறை. எல்லாம் விண்டோஸ். முதலாளி மகளிடம் மட்டும் மேக் லேப்டாப்.

ஒவ்வொரு ஜாப் நம்பருக்கும் ஒரு ஃபோல்டர். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். (பில் ஆஃப் லேடிங்), பில் ஆஃப் என்ட்ரி, டெலிவரி ஆர்டர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதில் போடுகிறோம். கூடவே செலவுக் கணக்கு ஒரு எக்ஸெல். மூன்று இடத்திலும் ஒரே ஃபைல்கள் இருக்க வேண்டும், அதுதான் சிங்க். கிளையன்ட் பக்கம் எழுதியாயிற்று: ஃபோல்டரைக் கவனித்துக்கொண்டே இருக்கும், மாறின ஃபைலை அனுப்பும். சர்வர் இப்போதைக்கு வெறும் எஃப்டிபி (ஃபைலை அனுப்பி வாங்கும் பழைய முறை). அதைத் தூக்கிவிட்டு ஒழுங்கான சர்வர் எழுத வேண்டும்.

என் திட்டம் இதுதான். ஃபைல் வந்தால் மாறின நேரத்தைப் பார்ப்பது, எது புதியதோ அதை வைத்துக்கொள்வது. இன்டர்நெட் செலவு குறைய, ஆர்சிங்க் என்ற கருவி மாதிரி வித்தியாசத்தை மட்டும் அனுப்புவது. இது போதுமா?

காசிமேடு கணினி

சிங்க்திங் போட்டுவிட்டுப் போய் சாப்பிடுங்கள் பாஸ். இலவசம், மூலநிரல் திறந்தே கிடக்கிறது. சர்வரே வேண்டாம், மெஷினுக்கு மெஷின் பேசிக்கொள்ளும். நடுவில் சர்வர் இருந்தே ஆக வேண்டும் என்றால் நெக்ஸ்ட்கிளவுட். இதற்கெல்லாம் எதற்குச் சொந்தக் கை?

மண்ணடி மைனர்

இரண்டையும் பார்த்தேன் அண்ணா. எங்களுக்குப் பார்ட்டி வாரியாக யார் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு வேண்டும். ஃபைல் முழுசாக வந்து சேர்ந்த அதே நொடி எங்கள் ஜாப் புரோகிராமில் ‘பி.எல். வந்தது’ என்று டிக் விழ வேண்டும். அது விழாமல் அடுத்த ஆள் வேலையைத் தொடமாட்டார்.

காசிமேடு கணினி

நெக்ஸ்ட்கிளவுடிலும் அதெல்லாம் செய்யலாம். சரி, உங்கள் கை, உங்கள் சர்வர். எழுதி முடித்தபிறகு நெக்ஸ்ட்கிளவுடையே திரும்ப எழுதியிருப்பீர்கள், பாருங்கள்.

வியாசை வேலன்

காசிமேடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மைனரின் தேவை சின்னது: ஒரே ஆபீஸ், ஒரே சர்வர், கிளையன்ட் அவர் கையில். இந்த அளவுக்கு எழுதலாம். திட்டத்தில்தான் இடிக்கிறது.

மாறின நேரத்தை வைத்து முடிவெடுப்பதை முதலில் கைவிடுங்கள். ராஜாஜி சாலைப் பக்கம் ஒரு ஆபீஸில் பார்த்தது. ஒரு கம்ப்யூட்டரில் பயாஸ் பேட்டரி செத்துப்போயிருந்தது. கரண்ட் போய்வந்தால் தேதி பல வருஷம் பின்னால் ஓடிவிடும். அதில் உட்கார்ந்து ஒரு கிளார்க் காலையெல்லாம் திருத்தின எக்ஸெல், சிங்க் புரோகிராமின் கணக்கில் ‘பழையது’. சர்வரிலிருந்த முந்தின நாள் ஷீட் அதன்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. எர்ரர் என்று ஒன்று வந்திருந்தாலாவது தேவலை. சாயங்காலம் பில் போடும்போதுதான் தெரிந்தது.

கடிகாரம் சரியாக இருந்தாலும் இதே கதைதான். பென் டிரைவிலிருந்து ஒரு ஃபைலை இழுத்துப் போடும்போது விண்டோஸ் பழைய மாறின நேரத்தையே வைத்துக்கொள்ளும். அதாவது இப்போதுதான் வந்த ஃபைல், போன மாதத் தேதியோடு நிற்கும். ஃபேட் ஃபார்மேட் டிரைவில் நேரமே இரண்டு நொடிக்கு ஒருதரம்தான் நகரும். நேரத்தைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்புக்கு வேண்டாம்.

எது முந்தி, எது பிந்தி என்று சொல்லக் கடிகாரமே தேவையில்லை என்று கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978-இலேயே எழுதிவிட்டார். உங்களுக்கு இன்னும் சுலபம், நடுவில் ஒரே சர்வர்தான். சர்வரில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பதிப்பு எண். கிளையன்ட் ஃபைலை அனுப்பும்போது ‘நான் 7-ஆம் பதிப்பின்மேல் திருத்தினேன்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சர்வரிலும் 7 இருந்தால் ஏற்றுக்கொண்டு 8 ஆக்குங்கள். அதற்குள் வேறு யாரோ 8 ஆக்கியிருந்தால் மறுத்துவிடுங்கள். எச்டிடிபி-யில் இதற்கென்றே ‘இந்தப் பதிப்பாக இருந்தால் மட்டும்’ என்னும் இஃப்-மேட்ச் தலைப்பும், ‘நிபந்தனை பொருந்தவில்லை’ என்னும் 412 பதிலும் இருக்கின்றன.

மறுக்கப்பட்ட கிளையன்ட் 8-ஐ இறக்கிக்கொண்டு, தன்னுடையதை வேறு பேரில் பக்கத்திலேயே வைக்க வேண்டும். எந்த இரண்டு ஃபைலையும் சர்வர் கலக்கக் கூடாது. எக்ஸெல் ஷீட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அடுத்தது, மாற்றங்களின் பதிவேடு. பழைய ஆபீஸ்களில் தபால் வரவுப் பதிவேடு இருக்குமே, வரிசை எண் போட்டு ஒவ்வொரு கடிதமாக எழுதிக்கொண்டே போவார்கள், அதே மாதிரிதான். எந்த ஃபைல் மாறினாலும், அழிந்தாலும், பேர் மாறினாலும் அதில் ஒரு வரி. கிளையன்ட் வந்து ‘நான் பதிவேட்டில் 35-ஆம் வரி வரைக்கும் பார்த்துவிட்டேன், அப்புறம் என்ன?’ என்று மட்டும் கேட்கும். ஃபோல்டர் முழுவதையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சிங்க் சர்வரில் முக்கால்வாசி வேலை இந்தக் கணக்குதான். ஃபைலை இங்கிருந்து அங்கே நகர்த்துவது மிச்சம் கால்வாசி.

லோகோ ஷெட்

வேலன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஆர்சிங்க் பற்றி அவர் தொடவில்லை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆர்சிங்க் 1996-இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கரஸும் வெளியிட்டது. வாங்கும் பக்கம் தன்னிடமுள்ள பழைய ஃபைலைத் துண்டு போட்டு, துண்டுக்கு இரண்டு செக்சம் (சரிபார்ப்பு எண்) கணக்கிட்டு அனுப்பும். ஒன்று லேசானது, இன்னொன்று கெட்டியானது. அனுப்பும் பக்கம் புது ஃபைலின்மேல் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்துகொண்டே பொருத்தம் தேடும். லேசான செக்சம் ஒரு பைட் நகர்ந்தால் சட்டென்று புதுப்பித்துக்கொள்ளும் வகை, அதனால்தான் இது ஓடுகிறது. அழகான வேலை, சந்தேகமே இல்லை.

ஆனால் உங்கள் ஆபீஸில் வாங்கும் பக்கம் என்பது சர்வர். யார் எதை ஏற்றினாலும் சர்வர் பழைய ஃபைலை முழுசாகப் படித்துச் செக்சம் போட வேண்டும். அதையாவது சேமித்து வைத்துத் தப்பிக்கலாம். அதற்குமேல் ஒன்று இருக்கிறது, உங்களிடம் இருக்கும் ஃபைல்களின் குணம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் நடுவில் மாறவே மாறாது; புதிதாக வரும், இல்லை மொத்தமாக மறுபடி ஸ்கேன் ஆகும். இன்றைய எக்ஸெல் ஃபைல் உள்ளுக்குள் ஒரு ஜிப். பேரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே இருப்பது தெரியும். ஒரு செல்லை மாற்றினால்கூட அந்த ஷீட்டின் அமுக்கின பைட்டுகள் அந்த இடத்திலிருந்து வேறாகிவிடும், பழையதோடு ஒட்டுவது குறைச்சல். ஆக இரண்டு வகையிலும் வித்தியாசம் பார்ப்பதில் உங்களுக்குப் பெரிய லாபமில்லை. ஃபைலை முழுசாக அனுப்புங்கள். அனுப்புவதற்குமுன் ஷா-256 ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரி ஒரு எண்) மட்டும் சொல்லி ‘இது உன்னிடம் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். ஒரே இன்வாய்ஸை நாலு ஜாப் ஃபோல்டரில் போடும் பழக்கம் எல்லா ஆபீஸிலும் உண்டு, மிச்சம் அங்கேதான்.

பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டுடியோ

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கணும். எங்கள் வேலை கல்யாண ஆல்பம். ஒரு போட்டோஷாப் ஃபைலே ஒரு ஜிபி தாண்டும், அதில் ஒரு லேயரை நகர்த்திவிட்டு மறுபடி சேவ் செய்வோம். எங்களுக்கும் முழுசாகத்தான் அனுப்ப வேண்டுமா?

லோகோ ஷெட்

உங்களுக்கு வேண்டாம். துண்டு போடுங்கள். டிராப்பாக்ஸ் 4 எம்பி அளவுத் துண்டுகள், துண்டுக்கு ஒரு ஷா-256 என்ற கணக்கில் வேலை செய்கிறது. சிங்க்திங் ஃபைலின் அளவைப் பொறுத்து 128 கேபி-யிலிருந்து 16 எம்பி வரை துண்டு எடுத்துக்கொள்ளும். இரண்டும் அளவு பார்த்து வெட்டும் முறை. நடுவில் ஒரு பைட் நுழைந்தால் அதற்குப் பின்னால் உள்ள துண்டெல்லாம் தள்ளிப்போய், ஹாஷ் எல்லாம் மாறிவிடும்.

அதைத் தவிர்க்க உள்ளடக்கத்தைப் பார்த்து வெட்டும் முறை இருக்கிறது. ஃபைலின்மேல் ஒரு சின்ன சன்னலை நகர்த்திக்கொண்டே ஹாஷ் போட்டு, அந்த ஹாஷின் கடைசிச் சில பிட்டுகள் நாம் குறித்து வைத்த மதிப்புக்கு வந்தால் அங்கே வெட்டு. முன்னால் என்ன நுழைந்தாலும், கொஞ்ச தூரத்தில் வெட்டுகள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். 2001-இல் எல்பிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் ராபின் ஃபிங்கர்பிரின்ட் என்ற நகரும் ஹாஷ் வைத்து இதைச் செய்தார்கள். 2016-இல் வந்த ஃபாஸ்ட்சிடிசி அதையே இன்னும் வேகமாகச் செய்கிறது. பெரிய ஃபைல், நடுவில் திருத்தம் என்றால் இது பார்க்கத் தக்கது. மைனருக்கு வேண்டாம்.

தண்டையார்பேட்டை தம்பி

பதிவேட்டுக்கு எளிய வழி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு டேபிள், அதில் பிக்சீரியல் வகைக் காலம் (நெடுவரிசை). எண்ணை டேட்டாபேஸே தானாகப் போட்டுக்கொள்ளும். கிளையன்ட் ‘இந்த எண்ணுக்கு மேல்’ என்று கேட்டால் ஒரு செலக்ட். முடிந்தது கதை.

லோகோ ஷெட்

தம்பி, இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சோதனையில் மாட்டாது, ஆபீஸ் பரபரப்பாக ஓடும் நாளில்தான் மாட்டும்.

பிக்சீரியலுக்கு எண் தருவது சீக்வென்ஸ், அந்த எண் கேட்ட வரிசையில் கிடைக்கும். கமிட், அதாவது எழுதினது உறுதியாகி மற்றவர்களுக்குத் தெரிவது, அந்த வரிசையில் ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. மணலியிலிருந்து வந்த டிரான்ஸாக்ஷன் (ஒன்றாக முடியவேண்டிய எழுத்து வேலை) 41-ஐ எடுத்துக்கொண்டது, இன்னும் கமிட் ஆகவில்லை. எண்ணூரிலிருந்து வந்தது 42-ஐ எடுத்து உடனே கமிட் ஆகிவிட்டது. இந்த இடைவெளியில் மண்ணடி கிளையன்ட் வந்து ‘40-க்கு அப்புறம் என்ன?’ என்கிறது. அதற்கு 42 மட்டும்தான் தெரியும். வாங்கிக்கொண்டு, 42 வரை பார்த்தாயிற்று என்று குறித்து வைத்துவிடும். அதற்குப் பிறகு 41 கமிட் ஆகிறது. மண்ணடிக்கு அந்த ஃபைல் வரவே வராது. லாகில் எர்ரர் இருக்காது, டேட்டாபேஸில் வரி இருக்கும், அந்த ஒரு மெஷினில் மட்டும் ஃபைல் இருக்காது. கண்டுபிடிப்பதற்குள் தலை வெடித்துவிடும்.

தண்டையார்பேட்டை தம்பி

அட ஆமாம் அக்கா. அப்போ சீரியலைசபிள் (டிரான்ஸாக்ஷன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது போல நடக்கும் முறை) போட்டால்?

லோகோ ஷெட்

அதுவே எண்களை வரிசைப்படுத்தித் தராது, சீக்வென்ஸ் டிரான்ஸாக்ஷனுக்கு வெளியே நகர்வது. சுலபமான வழி வேறு. பார்ட்டிக்கு ஒரு வரி, அதில் ஒரு எண்ணி. மாற்றம் எழுதும் அதே டிரான்ஸாக்ஷனில் அந்த எண்ணியை ஒன்று கூட்டி, வந்த மதிப்பை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வரி கமிட் ஆகும் வரை பூட்டியிருக்கும், அடுத்தவர் காத்திருப்பார். ஆகவே எண் வரிசையும் கமிட் வரிசையும் ஒன்றே. ஒரு பார்ட்டிக்குள் எழுத்தெல்லாம் வரிசையில்தான் நடக்கும், ஆனால் ஒரு கிளியரிங் ஆபீஸுக்கு அது ஒரு பாரமே இல்லை. ஒரு விஷயம் மட்டும் கவனம்: ஃபைலை ஏற்றுகிற வேலையை இந்த டிரான்ஸாக்ஷனுக்குள் வைக்காதீர்கள். பைட்டெல்லாம் வந்து சேர்ந்தபிறகு, கடைசியில் திறந்து உடனே மூட வேண்டும்.

எஸ்கியூலைட் டேட்டாபேஸ் என்றால் இந்தத் தொல்லையே இல்லை, ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். மூன்று இடம், முப்பது மெஷினுக்குள் என்றால் வால் மோடில் (மாற்றத்தை முதலில் ஒரு லாகில் எழுதும் முறை) எஸ்கியூலைட்டே தாராளம். போஸ்ட்கிரெஸ் வேண்டும் என்று யார் சொன்னது?

மண்ணடி மைனர்

ரொம்ப நன்றி அக்கா. ஜாப் புரோகிராம் ஏற்கெனவே போஸ்ட்கிரெஸில் இருக்கிறது, டிக் விழுவதும் அதே டிரான்ஸாக்ஷனில் நடந்தால் நல்லது. அதனால் எண்ணி முறை எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு சந்தேகம். யார்டில் கன்டெய்னர் வரிசைகளுக்கு நடுவே போன் சிக்னல் வரும், போகும். ஏற்றும்போது பாதியில் அறுந்தால் கிளையன்ட் மறுபடி அனுப்பும். அது போதும்தானே?

வியாசை வேலன்

ஏற்றும்போது அறுந்தால் சரி. பதில் வரும்போது அறுந்தால்? சர்வர் ஏற்றுக்கொண்டு 8 ஆக்கிவிட்டது. ‘சரி’ என்ற பதில் யார்டு வரை போகவில்லை. கிளையன்ட் திரும்பவும் ‘7-இன்மேல் திருத்தினேன்’ என்று அனுப்புகிறது. சர்வரில் 8, மறுப்பு. கிளையன்ட் தன்னுடைய ஃபைலோடு தானே சண்டை போட்டுக்கொண்டு முரண் நகல் ஒன்றை உண்டாக்கும். யார்டு பையன் போன் செய்து ‘சார், எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது’ என்பான்.

கிளையன்ட் ஒவ்வொரு கமிட்டுக்கும் தானே ஒரு அடையாள எண் உண்டாக்கி அனுப்பட்டும். அதைத் தனித்துவக் கட்டுப்பாட்டோடு அதே டிரான்ஸாக்ஷனில் எழுதுங்கள். அதே எண் மறுபடி வந்தால், புதிதாக எதுவும் செய்யாமல் போன தடவை சொன்ன பதிலையே திருப்பிச் சொல்லுங்கள்.

எக்ஸெல் பற்றியும் ஒன்று. அது சேவ் செய்யும்போது ஃபைலை நேராகத் திருத்தாது. வேறு பேரில் புதிதாக எழுதி, பழையதை நகர்த்திவிட்டுப் பேர் மாற்றும். கிளையன்ட் இதை ‘அழிந்தது, பிறந்தது’ என்று இரண்டு செய்தியாக அனுப்பினால் பதிப்பு வரிசை அறுந்துபோகும். கிளையன்ட் கொஞ்சம் பொறுத்து, அதே பேர் திரும்ப வந்தால் திருத்தம் என்று சொல்ல வேண்டும். அப்புறம் திறந்திருக்கும்போது ~$ என்று ஆரம்பிக்கும் ஒரு குட்டி ஃபைல் வருமே, அதை சர்வரே வாங்க மறுக்கட்டும்.

பர்மா பஜார்

ஃபைல் பேர் தமிழில் இருக்குமா? அப்படியென்றால் இரண்டு கண்ணி இருக்கிறது, வெளியே எங்கேயும் இதை விளக்கமாக எழுதமாட்டார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

‘கொள்முதல்’ என்ற பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கொ’ என்பதை க, அப்புறம் ொ என்ற ஒரே குறி என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். க, ெ, ா என்று மூன்றாகவும் எழுதலாம். யூனிகோட் இரண்டும் ஒன்றே என்கிறது, திரையிலும் ஒரே மாதிரி தெரியும், பைட்டுகள் மட்டும் வேறு. மேக்கில் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகள் பேரைப் பிரித்துத்தான் எழுதும். விண்டோஸ் நீங்கள் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். இப்போது முதலாளி மகள் அந்த மாதிரி வட்டிலிருந்து ஒரு ஃபைலை அனுப்பினால், சர்வரில் ‘கொள்முதல்’ இரண்டு இருக்கும். கொ, கோ, கௌ மூன்று வரிசைக்கும் இதே பாடுதான். ஆங்கிலப் பேரோடு நிற்கிறவனுக்கு இந்த வலி தெரியாது.

சர்வரில் பேரை எழுதும்போது என்எஃப்சி (குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோட் முறை) வடிவத்துக்கு மாற்றின பிரதி ஒன்றைத் தனிக் காலமில் வையுங்கள். ஒரே ஃபோல்டருக்குள் அது ஒன்றுதான் இருக்கலாம் என்று கட்டுப்பாடு போடுங்கள். ஆங்கிலப் பேருக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தையும் அதிலேயே நீக்கிவிடுங்கள். லினக்ஸ் இரண்டையும் தனித்தனி என்னும், விண்டோஸ் ஒன்று என்னும். யாரோ இரண்டையும் ஏற்றிவிட்டால் விண்டோஸ் கிளையன்டால் இறக்கவே முடியாது.

இரண்டாவது கண்ணி நீளம். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பேர் 255 பைட்டுக்கு மேல் போகாது. யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். ஆக 85 குறியீடுதான், அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் கணக்கு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் 255 குறியீடு வரை போகலாம். பார்ட்டி பேர், கப்பல் பேர், தேதி, ‘திருத்தியது’, ‘கடைசித் திருத்தம்’ என்று நம் ஆட்கள் பேர் வைத்தால் 85 எந்த மூலைக்கு? விண்டோஸில் சேவ் ஆகும், சர்வரில் எழுத முடியாது.

லோகோ ஷெட்

அருமை. அதனால்தான் சர்வரில் ஃபைலை அதன் பேரில் வைக்கவே கூடாது. வட்டில் ஹாஷ்தான் பேர், முதல் இரண்டு எழுத்தில் ஒரு துணை ஃபோல்டர், 256 பெட்டிகளாகப் பிரிந்துவிடும். மனிதர்கள் வைத்த பேர் டேட்டாபேஸில் ஒரு காலம் மட்டும். பேர் மாற்றினால் வட்டில் ஒன்றும் அசையாது.

ஃபோல்டரையும் முழுப் பாதையாக எழுதாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாள எண், அதன் தாய் ஃபோல்டரின் எண், பேர். ஆயிரம் ஃபைல் உள்ள ஃபோல்டருக்குப் பேர் மாற்றினாலும் ஒரே வரி. இதில் ஒரு ஆபத்து உண்டு: ஒருவர் அ ஃபோல்டரை ஆ-வுக்குள் நகர்த்த, அதே சமயம் இன்னொருவர் ஆ-வை அ-வுக்குள் நகர்த்தினால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கி வேரோடு காணாமல் போய்விடும். கமிட்டுக்குமுன் மேலே வேர் வரை நடந்து பார்த்துவிடுங்கள். எண்ணியின் பூட்டு இருப்பதால் அந்த நேரத்தில் வேறு யாரும் மாற்ற முடியாது.

கொருக்குப்பேட்டை கேபிள்

கரண்ட் பற்றி யாரும் பேசவில்லையே? மழைக்காலத்தில் எங்கள் பக்கம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, யுபிஎஸ்ஸும் ஒரு அளவுக்குத்தான் தாங்கும்.

வியாசை வேலன்

சரியான நேரத்தில் கேட்டீர்கள். ஏற்றும்போது அதே வட்டில் ஒரு தற்காலிகப் பேரில் எழுதுங்கள். முடிந்ததும் ஹாஷைச் சரிபாருங்கள். கிளையன்ட் சொன்னதை நம்பாமல் சர்வரே கணக்கிட வேண்டும். அப்புறம் எஃப்சிங்க் (நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதச் சொல்லும் அழைப்பு), பிறகு சரியான பேருக்கு மாற்றம், பிறகு அந்த ஃபோல்டருக்கும் ஒரு எஃப்சிங்க். கடைசியாகத்தான் டேட்டாபேஸ் கமிட். இந்த வரிசை மாறக் கூடாது. நடுவில் எங்கே கரண்ட் போனாலும், யாரும் கேட்காத ஒரு துண்டு, அதாவது எந்தப் பேரும் சுட்டாத ஃபைல் உள்ளடக்கம், வட்டில் கிடக்கும், அவ்வளவுதான். தலைகீழாகச் செய்தால், டேட்டாபேஸ் ‘இருக்கிறது’ என்னும், வட்டில் சைபர் பைட் இருக்கும்.

எஃப்சிங்க் தோற்றால் மறுபடி அழைத்துப் பார்க்காதீர்கள். 2018-இல் போஸ்ட்கிரெஸ்காரர்கள் இதில் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்: ஒருமுறை தோற்றபிறகு லினக்ஸ் அந்தப் பக்கங்களைச் சுத்தம் என்று குறித்துவிடலாம், இரண்டாவது அழைப்பு ‘வெற்றி’ என்று பொய் சொல்லும். தோற்றால் நிறுத்திவிடுங்கள், ஆள் வந்து பார்க்கட்டும்.

கரண்ட் திரும்பினதும் எல்லா மெஷினும் ஒரே நொடியில் சர்வர்மேல் விழும். கிளையன்டில் சும்மா ஒரு தற்செயலான தாமதம் வையுங்கள்.

மண்ணடி மைனர்

அழிப்பதற்கு? வரியை நீக்கினால் போதும் என்று நினைத்தேன்.

லோகோ ஷெட்

நீக்கினால் செத்த ஃபைல் எழுந்து வரும். சில மாதம் பெட்டியில் கிடந்த லேப்டாப்பை யாரோ திறக்கிறார்கள். அதில் அந்த ஃபைல் இருக்கிறது, சர்வரில் இல்லை. இது புதிதாகப் பிறந்ததா, அழிக்கப்பட்டதா? சர்வருக்கு ஞாபகம் இல்லையென்றால் ‘புதிது’ என்று வாங்கிவிடும். அதனால் அழித்ததும் ஒரு பதிப்புதான். வரி இருக்கும், ‘அழிந்தது’ என்று குறி இருக்கும்.

காலாகாலத்துக்கும் வைத்திருக்க இடமில்லை என்றால், குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு துடைக்கலாம். ஆனால் அதைவிடப் பழைய எண்ணோடு வரும் கிளையன்டிடம் ‘உன் எண் காலாவதி, முதலிலிருந்து ஒப்பிடு’ என்று சர்வர் கட்டாயம் சொல்ல வேண்டும். கிளையன்ட் தான் கடைசியாக ஒத்துப்போன நிலையைத் தன்னிடம் எழுதி வைத்திருந்தால்தான் அந்த ஒப்பீடு நடக்கும்.

யாரும் கேட்காத துண்டுகளை வட்டிலிருந்து கூட்டித் தள்ளுவதிலும் அவசரம் கூடாது. கிளையன்ட் ‘இந்த ஹாஷ் இருக்கிறதா?’ என்று கேட்க, சர்வர் ‘இருக்கிறது’ என்று சொன்ன கையோடு துப்புரவு வேலை அதை அழித்துவிட்டால், அடுத்து வரும் கமிட் இல்லாத துண்டைச் சுட்டும். சில நாட்களாகவே யாரும் சுட்டாத, யாரும் விசாரிக்காத துண்டை மட்டும் எடுங்கள்.

பர்மா பஜார்

அந்த ‘இருக்கிறதா?’ கேள்வியில் பார்ட்டி எல்லை தாண்டக் கூடாது, அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹாஷ் தெரிந்தாலே ஃபைல் கிடைத்துவிடும் என்றால் அது திருட்டுக் கதவு. 2011-இல் டிராப்ஷிப் என்ற ஒரு கருவி டிராப்பாக்ஸில் இதைத்தான் செய்து காட்டியது: ஹாஷை மட்டும் சொல்லி, அடுத்தவர் ஏற்றின ஃபைலைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். உங்களிடம் ஒரே சரக்கைப் போட்டி போட்டு இறக்கும் இரண்டு பார்ட்டிகளின் இன்வாய்ஸ் இருக்கலாம். பார்ட்டிக்குள் மட்டும் மிச்சம் பிடியுங்கள், வட்டு மலிவுதான்.

காசிமேடு கணினி

நான் சொன்னது நினைவிருக்கிறதா? நெக்ஸ்ட்கிளவுடைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். 😄

சரி, வந்ததற்கு நானும் ஒன்று சொல்கிறேன். சிங்க் என்பது பேக்கப் இல்லை. ஒரு மெஷினில் ரேன்சம்வேர் (ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் புரோகிராம்) புகுந்தால் பூட்டின ஃபைல்களை உங்கள் சர்வரே மூன்று இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். பழைய பதிப்புகளை வையுங்கள். ஒரே மெஷின் திடீரென்று நூற்றுக்கணக்கில் மாற்றம் அனுப்பினால் நிறுத்தி வைத்து ஆளைக் கேளுங்கள். பேக்கப் எடுக்கும்போது டேட்டாபேஸ் முதலில், துண்டுகள் அப்புறம், அதுவரை துப்புரவு ஓடக் கூடாது. அந்த வரிசையில் எடுத்தால் டேட்டாபேஸ் சுட்டும் ஒவ்வொரு துண்டும் பிரதியில் இருக்கும்.

லோகோ ஷெட்

அந்தப் பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்த மறுநாள் என்ன ஆகும் தெரியுமா? நேற்று எண் 900 வரை போயிருந்தது. மீட்ட சர்வர் 850-இல் நிற்கிறது. கிளையன்டுகள் எல்லாம் ‘900-க்கு அப்புறம்?’ என்று கேட்கும், ‘ஒன்றுமில்லை’ என்று பதில் வரும். இன்று நடக்கும் மாற்றங்கள் 851, 852 என்று ஏறிக்கொண்டிருக்கும், ஒரு கிளையன்டும் எடுத்துக்கொள்ளாது. 900-ஐத் தாண்டினதும் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும், நடுவில் ஐம்பது மாற்றங்கள் காற்றோடு போயிருக்கும்.

சர்வருக்கு ஒரு தலைமுறை அடையாளம் வையுங்கள், ஒவ்வொரு பதிலிலும் சேர்த்து அனுப்புங்கள். மீட்டெடுக்கும்போது அதை மாற்றிவிட வேண்டும். அடையாளம் வேறு என்று கண்டால் கிளையன்ட் எண்ணைத் தூக்கிப்போட்டுவிட்டு முழுசாக ஒப்பிடட்டும்.

மண்ணடி மைனர்

அக்கா, இது என் கனவிலும் வந்திருக்காது. எண்ணியும் பதிவேடும் முதலில், துண்டுக் கிடங்கு அப்புறம், பழைய எஃப்டிபி இரண்டும் ஒத்துவரும் வரை பக்கத்திலேயே ஓடட்டும். வெளியிலிருந்து ஆபீஸ் சர்வரை அடைவதுதான் பாக்கி. எங்கள் ஃபைபர் இணைப்பில் நேரடி ஐபி இல்லை, பல பேருக்குப் பொதுவான முகவரிதான்.

கொருக்குப்பேட்டை கேபிள்

போர்ட் திறக்க முடியாது அப்படியென்றால். வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ் (இன்டர்நெட்டில் நேரடி முகவரியுள்ள சர்வர்) எடுத்து, ஆபீஸ் சர்வர் அதற்கு ஒயர்கார்ட் விபிஎன் சுரங்கம் போட்டுக்கொள்ளட்டும். யார்டு மெஷின்கள் விபிஎஸ்ஸுக்கு வரும், அது உள்ளே தள்ளிவிடும். ஃபைல் எதுவும் வெளியே தங்காது, முதலாளியும் சந்தோஷம்.

வியாசை வேலன்

எழுதினதும் கையால் சோதிக்காதீர்கள், கையால் இந்த ஓட்டை ஒன்றும் சிக்காது. இரண்டு பொய்க் கிளையன்ட், தற்செயலாக எழுது, அழி, நகர்த்து, நடுவில் சர்வரைக் கொல், திரும்ப எழுப்பு. கடைசியில் எல்லாரும் ஒத்துப்போகிறார்களா, ஏற்றுக்கொண்ட எந்தப் பதிப்பாவது தொலைந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும். டிராப்பாக்ஸ் தன் சிங்க் எஞ்சினை ரஸ்ட்டில் திரும்ப எழுதினபோது இந்த முறையைத்தான் நம்பியது, 2020-இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். தற்செயல் எண்ணுக்கு ஒரு விதை எண் வையுங்கள், தோற்றால் அதே விதையோடு அதே வரிசையை ஓட்டிப் பார்க்கலாம்.

மண்ணடி மைனர்

விதை எண்ணை எங்கே எழுதுவது அண்ணா, டேட்டாபேஸிலா?

வியாசை வேலன்

வேண்டாம், டேட்டாபேஸையே கொல்லப் போகிறீர்களே. சோதனை ஆரம்பிக்கும்போது லாக் ஃபைலின் முதல் வரியில் அடித்துவிடுங்கள்.